ராகலையில் நிற்கும் அப்பாவின் பெட்போர்ட்: வீட்டிலேயே செய்து எடுக்கலாமா?

ராகலை லொறி

வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெட்போர்ட் லொறி நிற்கிறது. ஜே மொடல், ஆறு சிலிண்டர் 300 டீசல் எஞ்சின், டயர் 8.25-20, பழைய ஸ்ரீ நம்பர், பதிவுப் புத்தகத்தில் 1967 என்று இருக்கிறது. அப்பா கைமாறித்தான் வாங்கினார். ராகலை, கந்தப்பளைப் பக்கத்துக் கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் முதலில் கொழும்பு மெனிங் சந்தைக்கும், பிறகு தம்புள்ளைக்கும் இதில்தான் போயின. 1983 ஜூலையில் நுவரெலியா டவுன் எரிந்தபோது தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடி ஒளித்து வைத்தாராம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குச் சாமி ஊர்வலம் போனதும் இதன் மேல்தான். அம்மா இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தால் இதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுகிறார்.

2022 இல் டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில் ஓரமாக நிறுத்தியது. அடுத்த வருடம் அப்பா தவறிவிட்டார். அப்படியே தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. தம்பி பழைய இரும்புக்காரரிடம் கிலோ விலை கேட்டுவிட்டு வந்துவிட்டான். நான் செய்து ஓட்டலாம் என்கிறேன்.

நிலைமை இதுதான். கெபினின் தரைத் தகரம், இரண்டு கதவுகளின் அடிப்பகுதி, மட்கார்டு மடிப்பு எல்லாம் துரு. பிரேக் மிதித்தால் பெடல் தரையில் தட்டுகிறது. கிளட்ச் விடவில்லை. வயரிங்கை எலி கடித்திருக்கிறது. பின்னால் சாமான் ஏற்றும் பொடியின் தரைப்பலகை பாதி உக்கிவிட்டது. எஞ்சினை இன்னும் தொடவில்லை. கூரை போட்ட இடம் இருக்கிறது, வெல்டிங் பிளான்ட் இருக்கிறது, மச்சானுக்கு டிங்கரிங் தெரியும். முதலில் கெபினை முடித்துப் பெயின்ட் அடித்து, அப்புறம் பொடி, கடைசியில் எஞ்சின், பிரேக் என்று யோசித்திருக்கிறோம். கண்ணுக்கு வண்டி போலத் தெரிந்தால் தம்பியும் வழிக்கு வருவான். என்ன சொல்கிறீர்கள்?

ஹட்டன் பழைய டிரைவர்

தம்பி, கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். முதலில் பிரேக். இரண்டாவதும் பிரேக். பெயின்ட் எல்லாம் அதற்கு அப்புறம்.

ராகலையிலிருந்து லோடோடு எங்கே போனாலும் கடைசியில் இறங்கித்தான் ஆக வேண்டும், வலப்பனைப் பக்கமோ ரம்பொடைப் பக்கமோ. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கம்பளை ஏறக்குறைய 500. நடுவில் உள்ள இறக்கம் முழுவதையும் லோடோடு நீங்கள் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். கியரில் பிடிக்காத மிச்சம் எல்லாம் பிரேக் டிரம்மில் சூடாகப் போய் இறங்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஆட்கள் சொன்னது அதற்காகத்தான்.

இன்னொன்று. டீசல் எஞ்சினில் பெற்றோல் எஞ்சின் மாதிரி இன்டேக்கில் உறிஞ்சல் கிடைக்காது. பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் சர்வோவுக்கு வேண்டிய வெக்யூமைத் தனியாக ஒரு பம்ப் எஞ்சினோடு சுற்றிக் கொடுக்கிறது. இறக்கத்தில் எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் சர்வோ துணை இருக்கும். பிறகு பெடல் கல். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டவர்கள் சிலர் இன்று கதை சொல்ல இல்லை. அந்த வெக்யூம் பம்ப், அதன் ஹோஸ், சர்வோ டயஃப்ரம் மூன்றையும் பார்க்காமல் வண்டியை முற்றத்தை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

சில்லு கழற்றும்போது கவனம். இடது பக்கச் சில்லு நட்டுகள் இடது மரை. வழக்கம் போலத் திருப்பினால் இறுகும். கழன்று வரவில்லையே என்று இரண்டு பேர் பைப் போட்டுத் தொங்கினால் ஸ்டட் முறிந்து கையில் வரும்.

கோவா லோடு

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் கந்தப்பளையில் மரக்கறி ஏற்றுகிற ஆள். எங்களிடமும் பெட்போர்ட் இருந்தது. 1986 இல் ஜெனரல் மோட்டர்ஸ் பெட்போர்ட் லொறி வியாபாரத்தையே கைவிட்டுவிட்டது. கொம்பனியே இல்லாத வண்டிக்கு எத்தனை நாளைக்குப் பார்ட்ஸ் தேடுவீர்கள்? நாங்கள் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் கழற்றிவிட்டு ஜப்பான் எஞ்சின் போட்டோம். மலையில் இழுக்கிறது, டீசல் குறைவு, காலையில் ஒரு சுற்றில் ஸ்டார்ட். கெபினும் பொடியும் அப்பாவுடையதாகவே இருக்கட்டும், உள்ளே இருப்பதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் தம்பி சொல்கிறபடி விற்றுவிட்டு ஒரு இசுசு எல்ஃப் லொறி வாங்குங்கள்.

டொரண்டோ தலவாக்கலை

எல்ஃப் என்ன விலை என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா அண்ணே? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். நடுவில் பழைய வண்டிகளின் விலை எங்கே போய் நின்றது என்று ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஒரு லொறி சும்மா நிற்கும்போது கிலோ விலைக்குக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம்.

எஞ்சினையும் மாற்றாதீர்கள். அந்த 300 எஞ்சினின் சத்தம் ரம்பொடை வளைவில் வரும்போது நாங்கள் லயத்தில் இருந்தே எந்த லொறி என்று சொல்லிவிடுவோம். பார்ட்ஸ் இல்லை என்பதும் சரியில்லை. பாகிஸ்தானில் அலங்கார லொறி என்றாலே பெட்போர்ட்தான், அங்கே இன்னும் பார்ட்ஸ் செய்கிறார்கள். இந்தியாவிலும் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் பெட்போர்ட் கட்டியது. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில் பொறுமையாக ஏறி இறங்கினால் கிடைக்கும்.

கோவா லோடு

டொரண்டோவில் இருந்து சத்தம் கேட்பது சுகம்தான். கந்தப்பளையில் விடியக்காலை 3 மணிக்கு லோடு ஏற்றிவிட்டு ஸ்டார்ட் வராமல் நிற்பவனுக்குத்தான் தெரியும். பொறுமையாக ஏறி இறங்க எங்களுக்கு நேரம் எங்கே? லீக்ஸ் வாடும் தம்பி.

கம்பளை லேத்

இரண்டு பேரும் எஞ்சினைப் பார்க்காமலே சண்டை போடுகிறீர்கள். எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். உயிரோடு இருந்தால் மாற்றத் தேவையில்லை, இல்லாவிட்டால் பேசலாம்.

ராகலைத் தம்பி, பெட்டரி கட்டி ஸெல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். டாங்கியில் உள்ள டீசலை முழுதாக இறக்குங்கள். இத்தனை வருடம் நின்றதில் அடியில் தண்ணீரும் பாசி மாதிரி ஒரு வழவழப்பும் இருக்கும். எஞ்சின் ஒயிலை இறக்கிப் பாருங்கள். முதலில் தண்ணீர் வந்தால் அங்கேயே நில்லுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஒயிலும் டீசலும் கலந்து விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாள் இன்ஜெக்டர் இல்லாமலே ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று தட்டாமல் தடங்காமல் வந்தால் பிஸ்டன் பிடிக்கவில்லை.

அடுத்தது டீசல் பம்ப். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இன்லைன் பம்ப். பக்கத்து மூடியைத் திறந்து, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போய் வர வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் ரேக் இறுகி முழு டீசலில் நின்றிருந்தால், ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கத்திக்கொண்டே வேகம் கூடும், ஸ்டாப் கேபிள் இழுத்தாலும் நிற்காது. முதல் ஸ்டார்ட் அன்று ஒருவர் கையில் தடித்த பலகை வைத்துக்கொண்டு காற்றுக் குழாய் வாயருகே நிற்கட்டும். ஓட்டம் பிடித்தால் வாயை அடைத்துவிட வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்கக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

கிளட்ச் விடாதது பெரிய விஷயமில்லை. பிளேட் துருவில் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கும். பெடலை மிதித்து ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து அப்படியே விட்டு வையுங்கள். எஞ்சின் ஓடிச் சூடானதும் பல நேரம் தானாக விடும். விடாவிட்டால் கியர் பொக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

ஸ்பேனரையும் சொல்லிவிடுகிறேன். இது அங்குல வண்டி. 19 மில்லிமீற்றர் ஸ்பேனர் முக்கால் அங்குலத்துக்குச் சரியாக உட்காரும், ஏனென்றால் முக்கால் என்பது 19.05. ஆனால் 13 ஐ அரை அங்குல நட்டில் போட்டால் 0.3 மில்லிமீற்றர் ஆட்டம். துருப் பிடித்த நட்டு என்றால் மூலை மழுங்கிவிடும். ஒரு அங்குல செட் கடனாக வாங்கிக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா மழை

துருவைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் ஊரில் தகரம் பெயின்டுக்குள்ளேயே துருப் பிடிக்கும், அதனால் கொஞ்சம் அனுபவம் உண்டு. ராகலை அண்ணே, அந்த லொறியில் உரம் ஏற்றினீர்களா?

ராகலை லொறி

ஏற்றினோம் தம்பி. சீசனில் கீழே போகும்போது மரக்கறி, மேலே வரும்போது உரம். ஏன்?

மஸ்கெலியா மழை

அப்படியென்றால் கெபினை விடுங்கள், சேஸியைப் பாருங்கள். பொடிக்கும் சேஸிக்கும் நடுவில் நீளமாக ஒரு மரக்கட்டை போட்டிருப்பார்கள் இல்லையா, அதற்கு அடியில்தான் உரமும் தண்ணீரும் சேர்ந்து தின்னும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொடியை எப்படியும் இறக்கத்தான் போகிறீர்கள். இறக்கியதும் சேஸியின் மேல் விளிம்பு முழுவதையும் சுத்தியலின் பந்துப் பக்கத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்கிற இடம் நல்ல இரும்பு. மொத்தென்று கேட்டால் அங்கே நின்று சுரண்டிப் பாருங்கள். ஸ்பிரிங் ஹேங்கர் ரிவெட் அடித்திருக்கும் இடங்களை இரண்டு தடவை.

சேஸியின் மேல், கீழ் விளிம்புகளில் ஓட்டை போடவோ வெல்டிங் வைக்கவோ வேண்டாம். பாரம் முழுவதும் அந்த விளிம்புகளில்தான் இழுபடும். வெல்டிங் வைத்த ஓரத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். பலத்துக்குத் தகடு வைக்க வேண்டி வந்தால் நடு முகத்தில், போல்ட்டு போட்டு.

சின்னச் சாமான்களுக்கு, கதவுப் பூட்டு, கீல், பிராக்கெட் மாதிரியானவற்றுக்கு, சலவை சோடாத் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் வாளியில் சோடா கரைத்து, துருச் சாமானை பெட்டரி சார்ஜரின் மைனஸிலும், ஒரு பழைய இரும்புத் துண்டை பிளஸிலும் கட்டித் தொங்க விடுங்கள். இரண்டும் தொடக் கூடாது. காலையில் துரு கறுப்புச் சேறாக வந்துவிடும், பிரஷ் போட்டால் போய்விடும். பிளஸில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டாதீர்கள், அதில் இருந்து குரோமியம் நஞ்சு கரையும். ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே மூடிய அறையில் வேண்டாம், பக்கத்தில் பீடியும் வேண்டாம்.

கோவா லோடு

தேயிலைச் சாயத்தில் ஊற வைத்தால் துரு போகும் என்று எங்கள் பெரியப்பா சொல்வார். உண்மையா பொய்யா?

மஸ்கெலியா மழை

போகாது, கறுப்பாகும். சாயத்தில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்புத் துருவோடு சேர்ந்து கறுப்பு நிறம் கொடுக்கும். கடையில் விற்கும் துரு மாற்றி மருந்துகள் சிலவற்றில் இருக்கும் டானிக் அமிலம் செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலைதான், ஆனால் அதன் வீரியம் வேறு. பெரியப்பா வழியில் போனால் டஸ்ட் நம்பர் ஒன்றைக் கிலோ கணக்கில் கொட்ட வேண்டும். தேயிலை விற்கிற விலையில் பெயின்ட் அடித்துவிடலாம்.

கெபின் தகரத்துக்கு மச்சானிடம் சொல்லுங்கள்: துரு மேல் பட்டி பூசுவது ஏமாற்று வேலை. வெட்டி எடுத்து, 18 கேஜ் தகரம் வைத்து, உள் பக்கமும் பிரைமர் அடித்துவிட்டு மூடச் சொல்லுங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும், வெல்டிங் முடிந்ததும் பலர் அதை அடைத்துவிடுவார்கள்.

ராகலை லொறி

எல்லாருக்கும் நன்றி. பெயின்ட் கதையைத் தள்ளி வைத்துவிட்டோம். நான்கு பக்கமும் கட்டை அடுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்தியாயிற்று, ஜெக்கை நம்பி யாரும் கீழே போகவில்லை. ஹட்டன் ஐயா சொன்ன இடது மரை விஷயம் உண்மைதான், ஸ்டட்டில் எழுத்தே அடித்திருக்கிறது.

பின் பக்க டிரம் இரண்டும் வரவே மாட்டேன் என்கின்றன. ஷூ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது போல. முன்பு ஒரு கராஜில் பிரேக் வேலைக்கு விட்டிருந்தோம், புது லைனிங் என்று பில் போட்டார்கள். முன் டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் ரிவெட் தலை டிரம்மில் உரசும் அளவுக்குப் பழைய லைனிங். அதோடு பிரேக் லைனில் ஒரு துண்டு செம்புக் குழாய் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அது பரவாயில்லையா?

ஹட்டன் பழைய டிரைவர்

பரவாயில்லை என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது குளிர்சாதனக் குழாய்க்கு எடுக்கும் செம்பு. அதிர அதிர இறுகி, ஒரு நாள் வெடிக்கும். பிரேக்குக்கு என்று வரும் ஸ்டீல் குழாய், இல்லாவிட்டால் செம்பும் நிக்கலும் கலந்த குழாய். வேறெதுவும் வேண்டாம். உங்கள் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே லைன் என்றால் எங்கே ஒரு இடத்தில் வெடித்தாலும் நான்கு சில்லுக்கும் பிரேக் போய்விடும், மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்.

ஒட்டிய டிரம்முக்கு, முதலில் அட்ஜஸ்டரை முழுதாகத் தளர்த்துங்கள். பிறகு டிரம்மின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டுங்கள். நேராக இரும்புச் சுத்தியலால் அடித்தால் வார்ப்பிரும்பு உடையும். வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்துப் பறக்க விடாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்துத் துடைத்து, துணியோடு சேர்த்துப் பையில் கட்டிப் போடுங்கள். வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நாங்கள் யாரும் மூடவில்லை, அது வேறு கதை.

வீல் சிலிண்டர் ரப்பர்களை டீசலிலோ பெற்றோலிலோ கழுவக் கூடாது, ஊதிவிடும். பிரேக் ஒயிலிலேயே கழுவுங்கள். ஒயிலை முழுதாகப் புதிதாக ஊற்றுங்கள். அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டொட் 4 என்றால் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடலாம். இறக்கத்தில் ஒயில் கொதித்தால் குமிழி விழும், பெடல் பஞ்சு மாதிரிப் போகும்.

பண்டாரவளை பெட்டரி

வயரிங் பற்றி நான் சொல்கிறேன். அப்பாவின் பெட்டரிக் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன், பழைய வண்டிகள் நிறைய வரும்.

அண்ணா, ஒரு வயரையும் தொடுவதற்கு முன் பெட்டரியின் எந்த முனை சேஸிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். பார்க்காமல் இப்போதைய ஓல்டர்னேட்டரை மாட்டினால், கட்டிய நிமிடத்திலேயே டயோடு எரியும். நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம், ஆகவே புத்தகத்தை நம்பாமல் கேபிளைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

டைனமோவையே வைத்துக்கொண்டு மைனஸ் எர்த்துக்கு மாற்றுவது கஷ்டமில்லை. பெட்டரியைத் திருப்பிக் கட்டிவிட்டு, டைனமோவின் ஃபீல்ட் முனையை ரெகுலேட்டரில் இருந்து கழற்றி, பெட்டரியின் சூடான முனையில் இருந்து ஒரு வயரால் இரண்டு மூன்று தரம் தொட்டு எடுத்தால் அது புதுப் பக்கத்துக்குப் பழகிவிடும். ஸெல்ஃப் மோட்டருக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒரே திசையில்தான் சுற்றும். அம்மீற்றரின் இரண்டு வயரை மட்டும் இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும்.

எலி கடித்த இடங்களில் டேப் சுற்றி ஒட்டாதீர்கள். அந்த வண்டியில் மொத்தமே கொஞ்ச வயர்தான், முழுதாகப் புதிது இழுப்பது ஒட்டுப் போடுவதைவிட லேசு. ஹெட் லைட்டுக்குத் தனி ரிலே, ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ். மூடுபனியில் ஓடுகிற வண்டிக்குப் பின் லைட் இரண்டும் ஒரே ஃபியூஸில் இருக்கக் கூடாது.

டொரண்டோ தலவாக்கலை

தங்கச்சி, ரிலே எல்லாம் போட்டால் பழைய அமைப்புக் கெட்டுவிடாதா? முடிந்தவரை அப்படியே இருந்தால்தானே மதிப்பு?

பண்டாரவளை பெட்டரி

அண்ணா, இது கண்காட்சிக்குப் போகிற வண்டியா, கந்தப்பளைப் பனிக்குள் கரட் ஏற்றப் போகிற வண்டியா? ரிலேயை டாஷ் போர்டுக்குப் பின்னால் வைத்தால் யாருக்கும் தெரியாது. லைட் தெரியும்.

ராகலை லொறி

எஞ்சின் ஓடுகிறது! கம்பளை அண்ணே, உங்களுக்குப் பெரிய கும்பிடு. கையால் சுற்றியதில் தடங்கல் இல்லை. பம்ப் ரேக் உண்மையிலேயே பாதியில் இறுகித்தான் இருந்தது, டீசல் விட்டு விட்டு அசைத்ததில் விட்டுவிட்டது. மச்சான் பலகையோடு நின்றார், தேவைப்படவில்லை. ஒயில் பிரஷர் ஏறுகிறது. கிளட்சும் சூடானதும் படக்கென்று விட்டது. அம்மா உள்ளே இருந்து ஓடி வந்தார். தம்பி பழைய இரும்புக்காரரின் நம்பரை அழித்துவிட்டதாகச் சொல்கிறான், நம்பவில்லை.

ஒரே பிரச்சினை புகை. ஆக்சிலேட்டர் மிதித்தால் கறுப்பாகத் தள்ளுகிறது. புகைப் பரிசோதனையில் தள்ளிவிடுவார்களா?

கம்பளை லேத்

சந்தோஷம். கறுப்புப் புகை என்றால் ரிங் போய்விட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். ரிங் போனால் நீலம். கறுப்பு என்றால் டீசல் கூடுதல், இல்லை காற்றுக் குறைவு. உங்கள் உயரத்தில் காற்று கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின், கொழும்பில் வைத்த பம்ப் அளவோடு மேலே வந்தால் கொஞ்சம் கறுக்கத்தான் செய்யும். முதலில் ஏர் கிளீனரைக் கழுவுங்கள். பிறகு ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி பம்ப் ரூமில் பிரஷர் பார்க்கக் கொடுங்கள். ஒன்றிரண்டு ஒழுகினாலே இந்தப் புகை வரும். அதற்குப் பிறகும் இருந்தால் பம்பை அவர்கள் சோதனை மேசையில் ஏற்றிச் சரி செய்யட்டும். பம்பின் சீல் வைத்த திருகை வீட்டில் திருகாதீர்கள்.

பரிசோதனையில் வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துத்தான் அளப்பார்கள். ஆகவே எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் செத்திருந்தால் பிரஷர் நிற்காது. ஏற்றத்தில் எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லாமலே கொதிக்கும்.

கோவா லோடு

சரி, ஓடுகிறது என்றால் நான் எஞ்சின் பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் இரண்டு சீசன் கழித்து இதே எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கட் தேடும்போது நான் சொன்னதை நினையுங்கள்.

பேப்பர் வேலையை யாரும் சொல்லவில்லை. அப்பா பெயரில் புத்தகம் இருக்கும்போது வண்டியை ரோட்டில் இறக்கினால் பொலிஸ் நிறுத்தும் இடத்தில் எல்லாம் விளக்கம் சொல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதம் எல்லாம் சேர்த்துப் பெயர் மாற்றுவதை இப்போதே தொடங்குங்கள், பிரேக்கைவிட அதுதான் நாள் எடுக்கும். வருமான அனுமதிப்பத்திரம் நின்றுபோன காலத்துக்கு என்ன கட்ட வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் போய்க் கேளுங்கள். லொறி என்பதால் தகுதிச் சான்றிதழும் வேண்டும். எஞ்சின் நம்பரும் சேஸி நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று துருவைச் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் எஞ்சின் மாற்றியபோது அந்த நம்பர் மாற்றத்தைப் பதியவே அலைந்தேன். அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

மஸ்கெலியா மழை

பொடிக்கு என்ன மரம் போடப் போகிறீர்கள்?

ராகலை லொறி

ஹல்மில்லா கிடைத்தால் நல்லது என்று மரவேலை பாஸ் சொல்கிறார், வளையும் ஆனால் முறியாது என்று. விலை கேட்டதும் அமைதியாகிவிட்டோம். குறுக்குக் கட்டைகளுக்கு மட்டும் அது, தரைப்பலகைக்கு டர்பன்டைன் மரம் என்று முடிவு. கெபின் நெற்றியில் அப்பா எழுதுவித்த ‘முருகன் துணை’ இன்னும் வாசிக்கத் தெரிகிறது. மச்சான் அதைத் தொடாமல் சுற்றி டேப் ஒட்டிவிட்டு மிச்சத்தைத் தேய்க்கிறேன் என்கிறார். பழைய பெயின்டும் புதுப் பெயின்டும் ஒட்டாமல் தெரியும். தெரியட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

இப்போது வேறு ஒரு சிக்கல். பின் டிரம் இரண்டும் வந்துவிட்டன. வலது டிரம்மில் உட்புறம் முழுக்க மெல்லிய கோடு கோடாக வெடிப்பு. ஒன்று ஓரம் வரை போய் வெளியே வந்துவிட்டது. வெல்டிங் வைத்து லேத்தில் ஓட்டி எடுக்கலாமா?

கம்பளை லேத்

மேலே உள்ள மெல்லிய கோடுகளை லேத்தில் ஓட்டி எடுக்கலாம். ஓரம் தாண்டிய வெடிப்பு என்றால் அந்த டிரம் முடிந்தது. வார்ப்பிரும்பு டிரம்முக்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைக்குத் திரும்பப் போகாதீர்கள். வேறு டிரம் தேடுங்கள். ஒரு அச்சில் இரண்டு பக்கமும் ஒரே உள்விட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கோவா லோடு

எங்கள் பழைய பெட்போர்டின் பின் அச்சு ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கிறது. டிரம் இரண்டும் இருக்கிறது, கோழி முட்டையிடுகிறது உள்ளே. நாளைக்கு எடுத்துப் பார்த்துப் படம் போடுகிறேன்.

கம்பளை லேத்

படம் போதாது. உள் விட்டத்தை மூன்று இடத்தில் அளந்து போடுங்கள், ராகலையில் இருக்கும் இடது டிரம்மையும் அதே மாதிரி. சுவர்த் தடிப்பு எவ்வளவு மிச்சம் என்பதும் வேண்டும். ஓட்டி எடுக்க இடம் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், ஷூவுக்கு லைனிங் அடித்த பிறகு. ஷூவையும் டிரம்முக்கு ஏற்ற வளைவில் அரைக்க வேண்டும்.

கோவா லோடு

அளந்துவிட்டேன், இன்பொக்ஸில் போட்டிருக்கிறேன். வெடிப்பு இல்லை. புதன்கிழமை நமது லொறி ரம்பொடை வழியாகத் தம்புள்ளைக்கு இறங்குகிறது. ராகலைத் தம்பி அன்று விடியக்காலை கந்தப்பளைச் சந்திக்கு இடது டிரம்மையும் ஷூக்களையும் கொண்டு வந்தால் எல்லாவற்றையும் ஏற்றிக் கம்பளையில் இறக்கிவிடுகிறேன். லீக்ஸ் மூடைக்கு மேலேதான் வைப்பேன், கிரீஸைத் துடைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள்.

ராகலை லொறி

வருகிறேன் அண்ணே. டிரம் விலை?

கோவா லோடு

பழைய இரும்பு விலைதான், உங்கள் தம்பி கேட்டு வைத்திருப்பாரே. கோழிக்கு ஒரு பெட்டி செய்து தந்தால் போதும்.